எதிரே உட்கார ஒருவர் வேண்டும்

சீட்டாட்டம் என்றதும் உங்களில் பலர் முகம் சுளிப்பீர்கள். சுளிக்கக் காரணம் இருக்கிறது. சம்பள நாள் இரவு, லயத்துக் கோடியில் ஓர் அரிக்கேன் விளக்கு, அதைச் சுற்றி நாலைந்து தலைகள். விடியும்போது யாரோ ஒருவருடைய சட்டைப்பையில் எல்லாருடைய சம்பளமும் இருக்கும். மற்றவர்களின் வீட்டில் அந்த மாதம் முழுவதும் கடைக்காரருக்குப் பதில் சொல்ல வேண்டும். என் தந்தையும் அந்த விளக்கடியில் உட்கார்ந்தவர்தாம். ஆகவே உங்கள் வெறுப்பை நான் குறை சொல்லவில்லை.

இன்று நான் சொல்லப்போவது காசு வைத்து ஆடும் சீட்டு அல்ல. நம் பிள்ளைகள் பள்ளிப் பைக்குள் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறார்களே, பூதமும் நாகமும் மந்திரவாதியும் அச்சிட்ட வண்ணச் சீட்டுகள், அவற்றைப் பற்றித்தான். அந்தச் சீட்டுகளின் பின்னால் போய் ஜப்பான் வரைக்கும் பயணம் செய்துவிட்டு வந்தேன். வாருங்கள், நீங்களும் என்னோடு ஒரு நடை போய் வரலாம்.

வீட்டுத் தாழ்வாரத்தில் தொடங்கிய வழக்கு

என் தங்கையின் வீடு கோலசிலாங்கூர் பக்கம். ஒரு காலத்தில் பால்மரத் தோட்டம், பிறகு செம்பனை, பிறகு நிலம் துண்டாடப்பட்டு, இன்று வரிசை வீடுகள் நிற்கும் தாமான். அவள் மகன், அதாவது என் மருமகன், பதினைந்து வயதுப் பையன். படிப்பில் சுமார், சீட்டில் சூரன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த வீட்டுத் தாழ்வாரத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் நாலு பையன்கள் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். 'யூ-கி-ஓ' என்ற ஜப்பானியச் சீட்டாட்டம். சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும். பிறகு மூவராயினர். பிறகு இருவர். கடைசியில் அந்த இரண்டாவது பையனும் வரவில்லை. அவன் பக்கத்து வீட்டுப் பிள்ளை. பாலர் பள்ளியிலிருந்து என் மருமகனோடு ஒன்றாக வளர்ந்தவன். தாய் செம்பனைத் தோட்டத்து நாற்றங்காலில் வேலை செய்கிறார்.

ஒரு நாள் அவனைக் கடையில் பார்த்தேன். "ஏன் தம்பி வீட்டுப் பக்கம் காணோம்?" என்று கேட்டேன்.

"அவனோட விளையாடுனா நான் சும்மா உட்கார்ந்துதான் இருக்கணும், அங்கிள். அதுக்கு வீட்டுலயே சும்மா உட்கார்ந்திருக்கலாம்" என்றான்.

அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது.

விஷயத்தைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். இந்த ஆட்டத்தில் ஒவ்வொருவரும் குறைந்தது 40 சீட்டுகள் கொண்ட சொந்தக் கட்டு ஒன்றைத் தாமே அமைத்துக்கொண்டு வருவார்கள். ஆளுக்கு 8,000 புள்ளி. கையில் 5 சீட்டோடு ஆட்டம் தொடங்கும். எதிராளியின் புள்ளியைப் பூஜ்யமாக்கினால் வெற்றி. ஒரு முறைக்கு ஒரு வீரனைத்தான் சாதாரணமாக இறக்கலாம். ஆனால் 'சிறப்பு இறக்கம்' என்று ஒன்று உண்டு. அதற்குப் பொதுவாக எண்ணிக்கை வரம்பு கிடையாது. ஒரு சீட்டு இன்னொன்றை அழைக்கும், அது மற்றொன்றை அழைக்கும். தேர்ந்தவர் கையில் ஒரே ஒரு சீட்டு பத்துச் சீட்டாக விரியும். முதலில் ஆடுபவர் பல நிமிடம் தொடர்ந்து ஆடி, கோட்டை கட்டி, பிறகு "உன் முறை" என்பார். எதிராளி ஒரு சீட்டை வைப்பார். "செல்லாது" என்று பதில் வரும். இன்னொன்று வைப்பார். அதுவும் செல்லாது. அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது.

என் மருமகன் தீபாவளி அங்பாவ் பணத்தையெல்லாம் போட்டுச் சீட்டு சீட்டாகத் தேடி வாங்கி அப்படி ஒரு கட்டு அமைத்திருந்தான். பக்கத்து வீட்டுப் பையனிடம் இருந்தது கடையில் பெட்டியாக விற்கும் ஆரம்பக் கட்டு ஒன்றுதான்.

மருமகனைக் கேட்டேன். "விதிப்படிதானே ஆடுறேன், மாமா? ஜெயிக்கத்தானே ஆட்டம்? அவனும் நல்லாக் கத்துக்கிட்டு வரட்டும்" என்றான்.

எனக்கு அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை பாருங்கள்.

ஒசாகா: வித்தைக்காரன் அகப்பட்டுக்கொண்டான்

எனக்குப் பிள்ளைகள் இல்லை. இந்தப் பையனுக்கு ஒரு முறை வெளிநாடு காட்ட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. இரண்டு ஆண்டுச் சேமிப்பு, மலிவு விலை விமானச் சீட்டு. எங்கே போகலாம் என்று கேட்டதற்கு, "ஜப்பான், மாமா! அங்கேதான் நிஜமான ஆட்டக்காரங்க இருக்காங்க" என்றான். ஆண்டு இறுதி விடுமுறையில் புறப்பட்டோம்.

கோலாலம்பூரிலிருந்து ஒசாகாவுக்கு நேர் விமானத்தில் ஏறக்குறைய ஆறரை மணி நேரம். நம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைக்க வேண்டும். விமான நிலையம் கடலை நிரப்பிக் கட்டிய தீவில் இருக்கிறது. அங்கிருந்து ரயிலில் முக்கால் மணியில் நம்பா என்ற நகர மையத்தை அடையலாம். குளிர் எலும்பைத் தொட்டது. கேமரன் மலைக் குளிரை நினைத்துக்கொண்டு போனேன். அது இதன் காலடிக்குக்கூட வராது.

நம்பாவிலிருந்து நடை தூரத்தில் நிப்பொம்பாஷி என்ற பகுதி. ஒரு காலத்தில் வானொலி, மின்சாரச் சாமான் கடைகளுக்குப் பேர் போன இடம். இப்போது பொம்மைக் கடைகளும் சீட்டுக் கடைகளும் நிறைந்து கிடக்கின்றன. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒற்றைச் சீட்டுகள் நகை மாதிரி விலை ஒட்டி வைக்கப்பட்டிருக்கின்றன. மாடியில் மேசை நாற்காலி போட்டிருக்கிறார்கள்; யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து ஆடலாம். ஐம்பது பேர் இருந்தும் சத்தமே இல்லை. சீட்டு உரசும் ஒலிதான்.

இந்த ஆட்டத்தின் பிறப்பிடமும் அந்த நாடுதான். தக்காஹாஷி கசுக்கி என்பவர் 1996இல் ஒரு வார இதழில் வரையத் தொடங்கிய சித்திரக் கதை அது. கதைக்குள் வந்த சீட்டாட்டத்தை 1999இல் கொனாமி நிறுவனம் நிஜச் சீட்டுகளாக வெளியிட்டது. பத்தே ஆண்டில் 2,200 கோடிக்கும் மேற்பட்ட சீட்டுகள் விற்று, உலகச் சாதனைப் புத்தகத்தில் இடம் பிடித்தது. நம் தாமான் தாழ்வாரத்துக்கு வந்ததும் அந்த வெள்ளத்தின் ஒரு துளிதான்.

மருமகன் ஒரு கல்லூரி மாணவரின் எதிரே உட்கார்ந்தான். இருவருக்கும் பொது மொழி இல்லை. சீட்டின் படத்தைப் பார்த்தாலே போதும், என்ன செய்யும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. கல், காகிதம், கத்தரி போட்டார்கள். மாணவர் வென்று முதலில் ஆடினார்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நிமிடம். அந்த ஒன்பது நிமிடமும் என் மருமகன் ஐந்து சீட்டைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். பிறகு அவன் முறை வந்தது. ஒன்று வைத்தான், செல்லவில்லை. இரண்டு வைத்தான், செல்லவில்லை. ஆட்டம் முடிந்தது. மறு ஆட்டமும் அப்படியே.

அவன் என் பக்கம் திரும்பிச் சொன்னான். "மாமா, நான் ஆடவே இல்லை."

பக்கத்து வீட்டுப் பையன் கடையில் வைத்து என்னிடம் சொன்னதும் இதைத்தானே? நான் வாய் திறக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தேன்; அவனுக்கும் அது உறைத்துவிட்டது.

இனிமேல் நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள். அந்த மாணவர் எழுந்து போகவில்லை. மருமகன் கையிலிருந்த சீட்டுகளைக் காட்டச் சொன்னார். அவற்றில் ஒன்றைத் தொட்டு, கைபேசியில் தம் மொழியில் ஏதோ பேசினார். அது மொழிபெயர்த்துக் காட்டியது: "இதை என் முறையின்போதே நீ வைத்திருக்க வேண்டும்." ஆம், எதிராளி ஆடிக்கொண்டிருக்கும்போதே குறுக்கே வைத்துத் தடுக்கும் சீட்டுகள் இந்த ஆட்டத்தில் உண்டு. அவன் கையில் அது இருந்தது. வலுவில்லாத எதிராளிகளோடு ஆடி ஆடி, தடுக்க வேண்டிய தேவையே இல்லாமல் அவன் அதை மறந்துபோயிருந்தான்!

பிறகு அவர் பையிலிருந்து வேறொரு கட்டை எடுத்தார். பழைய சீட்டுகள், வேகம் குறைந்தவை. மூன்றாவது ஆட்டம் தொடங்கியது. இருபது நிமிடம் இழுபறி. மருமகன் அதிலும் தோற்றான். ஆனால் சிரித்துக்கொண்டே தோற்றான். விடைபெறும்போது அவர் கைபேசி சொன்ன வாசகம் எனக்கு மறக்கவில்லை: "ஒன்று போட்டிக்கு, மற்றொன்று நண்பர்களுக்கு."

மூன்று கால் காக்கை

மறுநாள் ரயிலில் கியோத்தோவுக்குப் போனோம். ஒசாகாவிலிருந்து அரை மணி நேரம். ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஜப்பானியப் பேரரசர்களின் தலைநகராக இருந்த ஊர்.

அங்கே ஷிமோகாமோ என்ற மிகப் பழைய ஆலயம் இருக்கிறது. இரு ஆறுகள் கூடுமிடத்தில், பெரிய மரங்கள் சூழ்ந்த சோலைக்குள். அந்த ஆலயத்துத் தெய்வம், முதல் பேரரசருக்கு வழிகாட்ட 'யாட்டகராசு' என்ற காக்கையின் வடிவெடுத்தது என்பது ஐதீகம். அந்தக் காக்கையை மூன்று காலோடு வரைவார்கள். ஜப்பானியக் காற்பந்துக் குழுவின் சட்டைச் சின்னத்தில் இருப்பதும் அதுவே. காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுச் சாப்பிடும் நமக்கு இதில் ஒரு நெருக்கம் தோன்றாமல் போகுமா?

பெயரைக் கேட்டதும் மருமகன் துள்ளினான். "மாமா, இந்தக் காக்கா எங்க சீட்டுல இருக்கு! தடை பண்ணின சீட்டு!"

அந்தக் கதையை அவன் சொல்ல நான் கேட்டேன். யாட்டகராசு சீட்டின் பலம் வெறும் 200. கொசுக்கடி. ஆனால் அது கடித்துவிட்டால் எதிராளி அடுத்த முறை புதுச் சீட்டு எடுக்கக் கூடாது. எதிராளியின் கையையும் களத்தையும் முன்பே காலி செய்துவிட்டு இந்தக் காக்கையை விட்டால் போதும். அவருக்கு வைக்கவும் சீட்டில்லை, எடுக்கவும் உரிமை இல்லை. 200, 200 என்று கொத்திக் கொத்தி முடிப்பார்கள். அதுவரை அவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். 2004இல் அந்தச் சீட்டைத் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள்.

ஆக, இது புதிதாக முளைத்த நோய் இல்லை. அமெரிக்காவில் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணித அறிஞர் அமைத்து 1993இல் வெளிவந்த 'மேஜிக்' என்ற ஆட்டம்தான் இவ்வகைச் சீட்டுகளுக்கெல்லாம் மூத்தது. அதிலும் இதே தொல்லை வந்தது. 'செகண்ட் சன்ரைஸ்' என்ற சீட்டை வைத்து ஒருவரே நெடுநேரம் சுற்றிச் சுற்றி ஆடிக்கொண்டிருக்க, போட்டிகள் நேரத்துக்கு முடியாமல் இழுத்தன. 2013இல் ஒரு முக்கியப் பிரிவில் அதைத் தடை செய்தார்கள். 'நெக்ஸஸ் ஆஃப் ஃபேட்' என்ற சீட்டு, ஆடுபவருக்கே மீண்டும் ஒரு முறை தரும்; வைத்த பிறகு கட்டுக்குள்ளேயே திரும்பிப் போய்விடும். அதை வைத்து, வெல்லவும் வழியில்லாமல் ஆட்டத்தை விடவும் மனமில்லாமல் முறைமேல் முறை எடுத்துக்கொண்டே போக முடிந்தது. 2019இல் கணினி வழி ஆட்டத்தின் ஒரு பிரிவில் அதற்கும் தடை வந்தது.

இந்தச் சீட்டுகள் எல்லாம் விதியை மீறியவை அல்ல. விதிக்குள் நின்றவைதாம். எதிரே இருப்பவர் எழுந்து போய்விட்டால் சீட்டு விற்காது என்பது அச்சிட்டவர்களுக்கே தெரிந்திருக்கிறது. "விதிப்படிதானே ஆடுறேன்" என்ற என் மருமகனின் வாதத்துக்கு முதல் பதில் இங்கே கிடைத்தது. ஆனால் தடை செய்யக்கூடியது சீட்டை மட்டும்தான். மனத்தை யார் தடை செய்வது?

பூச்சீட்டும் பழைய கட்டடமும்

கியோத்தோவில் இன்னோர் இடத்தையும் உங்களுக்குக் காட்ட வேண்டும். தகாசே என்ற சிறு கால்வாயின் அருகே, ஒடுங்கிய தெருவில், 1930இல் கட்டிய ஒரு கல் கட்டடம். நிண்டெண்டோ என்ற பெயரைப் பிள்ளைகளிடம் கேளுங்கள். கணினி விளையாட்டு என்பார்கள். அந்த நிறுவனம் 1889இல் யாமவுச்சி புசாஜிரோ என்பவரால் இதே ஊரில் தொடங்கப்பட்டது, சீட்டு தயாரிக்க! அதன் பழைய தலைமையகம்தான் அந்தக் கட்டடம். 2022 முதல் அது தங்கும் விடுதியாக இருக்கிறது. எங்கள் பைக்கு எட்டாத வாடகை. வெளியே நின்று பார்த்துவிட்டு நகர்ந்தோம்.

அவர்கள் செய்த சீட்டின் பெயர் 'ஹனாபுதா', அதாவது பூச்சீட்டு. பன்னிரண்டு மாதத்துக்கு ஒவ்வொரு பூவோ மரமோ, மாதத்துக்கு நாலு சீட்டு, ஆக 48. சீட்டை ஜப்பானுக்குக் கொண்டுவந்தவர்கள் 16ஆம் நூற்றாண்டில் வந்த போர்த்துக்கீசியர்கள். சூதாட்டம் பெருகியது. அரசு தடை விதித்தது. ஒரு வகைச் சீட்டுக்குத் தடை வந்தால் மக்கள் வேறு படம் போட்ட சீட்டை உண்டாக்கினார்கள். அப்படி உருமாறி உருமாறி வந்ததுதான் இந்த அழகிய பூச்சீட்டு. நம் லயத்து அரிக்கேன் விளக்கு அங்கேயும் எரிந்திருக்கிறது, வாசகர்களே!

இன்னொரு வேடிக்கை. ஐரோப்பிய முறைச் சீட்டை ஜப்பானியர்கள் 'தொரம்பு' என்கிறார்கள். மலாய்க்காரர்கள் 'டாவுன் தெருப்' என்கிறார்கள். நாம் 'துருப்பு' என்கிறோம். ஓசை ஒற்றுமையைக் கவனித்தீர்களா?

ஒரே குரல், இரண்டு காது

எங்கள் சிறு விடுதியை நடத்திய மூதாட்டி, நாங்கள் சீட்டைத் தேடி அலைவதைக் கேட்டுச் சிரித்தார். "அப்படியானால் ஒட்சுவுக்குப் போகாமல் திரும்பாதீர்கள்" என்றார். தம் உறவினர் ஒருவர் நடத்தும் பயிற்சி வகுப்புக்குச் சொல்லியும் விட்டார்.

கியோத்தோவிலிருந்து ரயிலில் மலையைக் குடைந்து சென்றால் கால் மணி நேரத்துக்குள் ஒட்சு. கண்ணெதிரே பிவா ஏரி. ஜப்பானிலேயே பெரிய ஏரி அது. கடல்தானோ என்று மருமகன் கேட்டான். கரையை ஒட்டிய குன்றின் அடிவாரத்தில் ஓமி ஆலயம். 667இல் இந்த இடத்துக்குத் தலைநகரை மாற்றிய தென்ஜி பேரரசருக்கு 1940இல் எழுப்பியது. நூறு கவிஞர்களின் நூறு பாடல் கொண்ட பழைய தொகுப்பு ஒன்று ஜப்பானில் உண்டு. அதன் முதல் பாடல் இந்தப் பேரரசருடையது. அந்த நூறு பாடல்களை வைத்தே ஒரு சீட்டாட்டம். பெயர் 'கருத்தா'. நம் இலக்கணத்துக் கருத்தா அல்ல. போர்த்துக்கீசிய 'கார்த்தா' என்ற சொல்லின் திரிபு. ஒவ்வொரு ஜனவரியிலும் ஆண், பெண் இரு பிரிவுக்கும் உச்சப் பட்டப் போட்டி இந்த ஆலய வளாகத்தில்தான் நடக்கும்.

நாங்கள் பார்த்தது வெறும் பயிற்சி ஆட்டம்தான். பாய் விரித்த அறை. காலணியை வெளியே விட்டு ஓரமாக உட்கார்ந்தோம். ஒரு நடுத்தர வயதுக்காரரும், பன்னிரண்டு வயது இருக்கக்கூடிய ஒரு சிறுமியும் எதிரெதிரே மண்டியிட்டிருந்தார்கள்.

ஆட்டம் இப்படி. நூறு சீட்டில் 50ஐ எடுத்து ஆளுக்கு 25 தத்தம் பக்கம் பரப்புவார்கள். சீட்டில் பாடலின் பின்பாதி மட்டும் இருக்கும். எங்கே எது என்று மனப்பாடம் செய்ய 15 நிமிடம். பிறகு எதிராளிக்கு ஒரு வணக்கம். வாசிப்பவருக்கு ஒரு வணக்கம். வாசிப்பவர் முன்பாதியைப் பாடத் தொடங்கியதும், அதற்குரிய பின்பாதிச் சீட்டை முதலில் தொடுபவருக்கு அது சொந்தம். எதிராளி பக்கத்துச் சீட்டைத் தட்டினால், தம் பக்கத்திலிருந்து ஒன்றை அவருக்கு அனுப்பலாம். தம் பக்கம் முதலில் காலியாகிறவர் வென்றவர். பரப்பாத 50 பாடல்களும் வாசிக்கப்படும். ஏமாந்து கை வைத்தால் தண்டனை. ஏழு பாடல்களை முதல் அசை கேட்டதுமே அடையாளம் காணலாம். அப்போது பார்க்க வேண்டுமே! சீட்டு சுவர் வரைக்கும் பறக்கிறது. முழங்காலுக்கு உறை போட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். பூப்போன்ற பாட்டு, புலிப்பாய்ச்சல்!

சிறுமி தோற்றுக்கொண்டே வந்தாள். நடுவில் ஒரு முறை இருவர் கையும் ஒரே நேரத்தில் விழுந்தது போலிருந்தது. நடுவர் இல்லை. உச்சப் போட்டிகள் தவிர மற்ற ஆட்டங்களில் பெரும்பாலும் ஆடுகிறவர்களே பேசித் தீர்த்துக்கொள்வார்களாம். இருவரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள். பெரியவர் தலையசைத்துச் சீட்டை அவள் பக்கம் நகர்த்தினார். கடைசியில் அவளிடம் ஒன்பது சீட்டு மீதி இருக்கையில் ஆட்டம் முடிந்தது. இருவரும் தரையில் கை வைத்து வணங்கினார்கள்.

ஆசிரியரிடம் கைபேசி வழியாகக் கேட்டேன்: "இப்படித் தோற்ற பிள்ளை மறுபடி வருமா?"

அவர் தந்த பதிலின் சாரம் இது: "ஒவ்வொரு பாடல் தொடங்கும்போதும் அவளுக்கும் அவருக்கும் ஒரே குரல்தான் கேட்கிறது. அவளுடைய வாய்ப்பை யாரும் மூடவில்லை. வருவாள்."

இங்கும் பலவீனமானவர் தோற்கத்தான் செய்கிறார். கருத்தா ஒன்றும் மென்மையான ஆட்டமில்லை. தேர்ந்தவர் முன் புதியவர் ஒரு சீட்டையும் தொடாமல் போவதும் உண்டு. அதனால்தான் தகுதி வரிசைப்படி வகுப்பு பிரித்துப் போட்டி நடத்துகிறார்கள். பாட்டுப் படிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைகளுக்கோ, அதே கட்டின் படச் சீட்டுகளை வைத்து வேறொரு விளையாட்டு இருக்கிறது. ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். மொட்டைத் தலைத் துறவி வந்தால் சேர்த்ததெல்லாம் போச்சு! அதில் பாட்டியும் பேரனும் சமம். ஒரே கட்டுதான், எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து ஆட்டம் மாறுகிறது.

அம்மாவின் பால்மரக் கொட்டை

திரும்பி வரும் விமானத்தில் எனக்கு என் அம்மாவின் நினைவு வந்தது. லயத்து வாசலில் மண்ணில் குழி தோண்டி, பால்மரக் கொட்டைகளை வைத்து, பக்கத்து வீட்டு அத்தையோடு பல்லாங்குழி ஆடுவார். பல்லாங்குழியிலும் ஒருவர் முறை நெடுநேரம் ஓடும். கொட்டை தீரத் தீர அள்ளிப் போட்டுக்கொண்டே போகலாம். மற்றவர் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் காத்திருந்தால் முறை வரும்; வந்த முறை செல்லும். காத்திருப்பது யாருக்கும் கசப்பதில்லை. கையைக் கட்டிப்போட்டுவிட்டு "உன் முறை" என்பதுதான் கசக்கிறது.

அத்தையிடம் கொட்டை தீர்ந்துபோனால் அம்மா தம் குவியலிலிருந்து கடன் கொடுப்பார். "ஜெயிச்சாச்சே, ஏன்மா குடுக்கிற?" என்று நான் கேட்டிருக்கிறேன்.

"நாளைக்கு ஆட ஆள் வேண்டாமாடா?" என்பார்.

அப்பாவின் விளக்கடியில் எதிராளியின் பையைக் காலி செய்தார்கள். ஆட்டம் பகையில் முடிந்தது. அம்மாவின் வாசலில் எதிராளிக்குக் கடன் கொடுத்தார்கள். ஆட்டம் ஆண்டுக்கணக்கில் நடந்தது. மருமகனுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடி ஜப்பான் வரை போனேன். அது எங்கள் லயத்து வாசலிலேயே இருந்திருக்கிறது.

இதை விமானத்தில் அவனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகன் பக்கத்து வீட்டு வேலியருகே நின்றுகொண்டிருந்தான். கையில் இரண்டு கட்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே பலம் வருமாறு, ஒரு வாரம் உட்கார்ந்து தன் சீட்டுகளைப் பிரித்து அடுக்கியதாகத் தங்கை சொன்னாள்.

"ரெண்டுல எது வேணுமோ நீ முதல்ல எடு" என்றான்.

அந்தப் பையன் உடனே எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் யோசித்தான். யோசிக்கத்தானே செய்வான்? பிறகு சிலிப்பரை மாட்டிக்கொண்டு வந்தான்.

யார் வென்றார்கள் என்று நான் பார்க்கவில்லை. உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன். "டேய், இரு இரு, நான் இதை வைக்கிறேன்!" என்ற சத்தம் மட்டும் மழை வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்தது.

வாசகப் பெற்றோர்களே! உங்கள் பிள்ளை சீட்டுக் கட்டோடு உட்கார்ந்திருந்தால் உடனே பிடுங்கி அடுப்பில் போடாதீர்கள். எத்தனை வெள்ளி செலவழித்தாய் என்று கேளுங்கள். அது கேட்க வேண்டிய கேள்விதான். அதோடு இன்னொன்றும் கேளுங்கள்: "உன்னோடு ஆடியவன் போன வாரமும் வந்தானா, இந்த வாரமும் வந்தானா?" பந்தானாலும், சதுரங்கமானாலும், சீட்டானாலும் இந்த ஒரு கேள்வி போதும். வந்தான் என்றால் கவலை வேண்டாம். வரவில்லை என்றால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நீங்களே அந்த வீட்டு வாசல் வரைக்கும் ஒரு நடை போய் வாருங்கள். அதற்கு விமானச் சீட்டு தேவையில்லை.